பெட்டிக்குள் வைத்த வாசனை

எங்கள் ஷூ கம்பெனியில் எல்லாவற்றுக்கும் மெஷின் உண்டு. தோலின் கனம் அளக்க ஒன்று, தையலை இழுத்துப் பார்க்க ஒன்று, ஈரம் எவ்வளவு என்று சொல்ல ஒன்று. வாடை பார்க்க மட்டும் மெஷின் கிடையாது. அதற்கு சவுரியம்மாள் அக்காவின் மூக்கு இருந்தது. ஆம்பூரில் பேக் ஆகிற ஷூ கப்பலில் நாற்பது நாள் கிடந்து, எங்கோ ஒரு குளிர் தேசத்துக் கடையில் திறக்கப்படும்போது பூஞ்சை வாடை அடித்தால் மொத்த லோடும் திரும்பி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் சில ஜோடிகளை எடுத்து, ஷூவுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி ஒரே ஒரு இழுப்பு இழுப்பார் அக்கா. சரியாக இருந்தால் "பாஸ்" என்பார். சரியில்லை என்றால் வாயே திறக்காமல் ஷூவைத் தன் இடது பக்கம் வைத்துவிடுவார். அந்த இடது பக்கத்தைப் பார்த்தால் எங்கள் குவாலிட்டி மேனேஜர் வாஹித் பாஷா சாருக்கே வியர்க்கும்.

நான் முத்துமாரி, மாதனூர்க்காரி. பேக்கிங்கில் பதினாலு வருஷம், அக்காவுக்கு அடுத்த நாற்காலி. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று லைனில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த விஷயத்தில் நான் வாயால் கெடுக்கவில்லை, கையால் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாடை பார்க்கிற மேஜையில் உட்காருகிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தலையில் பூ கூடாது. பவுடர் கூடாது, தைலம் கூடாது, சென்ட்டு கூடவே கூடாது. இருபத்திரண்டு வருஷம் அக்கா வெறும் தலையோடுதான் கம்பெனிக்கு வந்தார். ஆயுத பூஜை அன்று நாங்கள் எல்லாரும் முழம் முழமாக மல்லி வைத்துக்கொண்டு ஆடும்போது கூட அவர் தள்ளி நின்று சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் ஒரு ரோஜா. "என் மூக்கை கம்பெனி வாடகைக்கு எடுத்துக்கிச்சுடி, ஞாயித்துக்கெழமை மட்டும்தான் எங்கிட்ட திருப்பித் தருது" என்பார்.

அவருக்கு ஒரே மகள், சௌமியா. வேலூரில் பி.காம் முடித்து, அங்கேயே ஒரு பெரிய கடையில் சென்ட்டு விற்கிற கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்கும் மூக்கால் வேலை, மகளுக்கும் மூக்கால் வேலை என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். அந்தப் பெண் என்னைவிட வாயாடி. காலையில் எங்கள் கம்பெனி பஸ் வருவதற்குள் அவளுக்கு வேலூர் பஸ் வந்துவிடும். அதற்குள் நிறுத்தத்தில் நின்று பத்து நிமிஷம் எங்களை ஒரு வழி பண்ணிவிடுவாள். அவளும் வேலை நாளில் பூ வைக்க மாட்டாள். மல்லி என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும், "எங்கம்மா வெச்சிக்க முடியாததை நான் மட்டும் வெச்சிக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்பாள். அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரி.

பூவுக்குப் பதிலாக அவள் ஒரு சென்ட்டு போட ஆரம்பித்தாள். கவுன்ட்டரில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த சின்ன பாட்டில். எனக்குத் தெரிந்த சென்ட்டெல்லாம் கல்யாண வீட்டில் ஆள் வருவதற்கு முன்னால் வாசலைத் தாண்டி வருகிற ரகம். மேல்விஷாரத்து அத்தர் ஒரு சொட்டு தடவினால் மூன்று வீட்டுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. பக்கத்தில் நின்றால்தான் தெரியும், அதுவும் அவள் திரும்பும்போது மட்டும்.

"வாசனையே இல்லாத சென்ட்டுடி இது. உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றேன்.

"அத்தை, இது கூட்டத்துக்குப் போடுறது இல்ல. கட்டிப் பிடிக்கிறவங்களுக்கு மட்டும் தெரியறதுக்குப் போடுறது" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு மூன்று அடுக்கு உண்டாம். அவள் கடையில் வருகிறவர்களுக்கு ஒப்பிக்கிற பாடம் அது, எங்களுக்கும் ஒப்பித்தாள். முதலில் பழம், அது பத்து நிமிஷத்தில் போய்விடும். அப்புறம் பூ, அது மத்தியானம் வரைக்கும். கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கும். அது போட்டுக்கொள்கிறவரின் உடம்போடு கலந்து வருவது, ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பாட்டிலை இரண்டு பேர் போட்டாலும் சாயங்காலம் இரண்டு வாசனை.

அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்து, ஷூவை மோந்து பார்ப்பது போலவே கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார். "மொதல்ல வர்றது பேரிக்காய். பழுத்தது இல்ல, கடிச்சா நறுக்குன்னு இருக்குமே அது. பூ இன்னா பூன்னு தெரியல, தண்ணி தெளிச்சு வெச்ச வெள்ளைப் பூ" என்றார். சௌமியா வாயைப் பிளந்தாள். "ட்ரெயினிங்ல இதைச் சொல்லித் தர எங்களுக்கு மூணு நாள் ஆச்சும்மா" என்றாள்.

"கடைசி அடுக்கு?" என்று கேட்டேன்.

"அது சாயங்காலம் வீட்டுக்கு வருவா இல்ல, அப்ப எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

2021 மே மாதம் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது. அக்காவின் கணவர் இருதயராஜ் அண்ணனுக்கு நாலே நாளில் சரியாகிவிட்டது. அக்காவை ஒரு ஆஸ்பத்திரியிலும் சௌமியாவை வேறு ஒன்றிலும் வைத்திருந்தார்கள். பதினோராம் நாள் சௌமியா போய்விட்டாள். இருபத்து மூன்று வயசு. துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்து நேராகக் கல்லறைக்கே கொண்டு போகச் சொன்னார்கள். அம்மாக்காரி கட்டிலில் மாஸ்க்கோடு கிடந்தாள். மகள் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, ஆனால் கோபம் வருகிறது.

இதற்கு நடுவில் இருதயராஜ் அண்ணன் ஒரு காரியம் செய்திருந்தார். தெருவில் எல்லாரும் பயமுறுத்தியதில், வீட்டிலிருந்த அத்தனை துணியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைத்துவிட்டார். சௌமியாவின் சுடிதார், தலையணை உறை, போர்வை எதுவும் பாக்கியில்லை. சௌமியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையை, அதற்குள் இருந்த சென்ட்டு பாட்டிலோடு, அங்கேயே எரித்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு துப்பட்டா மட்டும் அவர் கண்ணில் படாமல் தப்பியது. கடைசியாக வேலைக்குப் போன அன்று அவள் போட்டிருந்தது, இளநீல நிறம்.

அக்கா வீடு திரும்பியதும் அதைத்தான் எடுத்து முகத்தில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. காப்பித்தூளை மோந்தார், மண்ணெண்ணெயை மோந்தார், கணவரின் வேலைச் சட்டையை மோந்தார். ஒன்றுமே தெரியவில்லை. காய்ச்சல் மூக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அண்ணனிடம் துப்பட்டாவை நீட்டி, "அவ வாசனை இருக்குதா பாருங்க" என்று கெஞ்சினாராம். அவர் தோல் பதனிடுகிற ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் நின்றவர், சுண்ணாம்பு வாடை தவிர வேறெதுவும் அவர் மூக்குக்கு எட்டாது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அழுதாராம்.

ஊரடங்கு முடிந்து கம்பெனி திறந்த முதல் நாளே அக்கா வாஹித் பாஷா சாரிடம் போய், "எனக்கு வாடை தெரியல சார், அந்த மேஜைல உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். நானாக இருந்தால் கண்டிப்பாக மறைத்திருப்பேன். சார் மனுஷர். "டாக்டர் என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார். சில பேருக்கு ஒரு மாசத்தில் வரும், சில பேருக்கு வருஷக் கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரும் வரைக்கும் லேஸ் கோர்க்கிற மேஜையில் இருக்கட்டும் என்று சார் சொன்னார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் ஒரு பையை நீட்டினார். உள்ளே துப்பட்டா.

"மாரி, என் மூக்கு திரும்பி வர்றதுக்குள்ள இதுல இருக்கிறது போய்டக் கூடாது. எங்க வீட்ல மழை வந்தா சுவரெல்லாம் ஊறிடும், ஒரே பூஞ்சை. நீ எக்ஸ்போர்ட்டுக்குப் பேக் பண்ற மாதிரி இதைப் பேக் பண்ணிக் குடு" என்றார்.

எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. நாற்பது நாள் கடலில் கிடக்கிற ஷூவே கெடாமல் போய்ச் சேருகிறது, ஒரு துப்பட்டா கெடுமா? மடிக்கும் முன்னால் நான் ஒரு தடவை மோந்து பார்த்தேன். சௌமியா இருந்தாள். பஸ் நிறுத்தத்தில் என்னைக் கட்டிப் பிடித்தாளே, அதே சௌமியா. பழமும் பூவும் போய்விட்டிருந்தன. கடைசி அடுக்கு மட்டும் இருந்தது. "இருக்குதா?" என்றார் அக்கா. "இருக்குதுக்கா, அப்படியே இருக்குது" என்றேன். இன்னொரு இழுப்பு நின்று நிதானமாக இழுத்திருக்கலாம். மணி அடித்துவிட்டது, லைன் ஓட ஆரம்பித்துவிட்டது, நான் அவசரமாக மடித்தேன்.

மெல்லிய பேப்பரில் சுற்றினேன். ஈரம் இழுக்கிற சிலிகா பொட்டலம் இரண்டு போட்டேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பெட்டிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், அதிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும். ஒரு ஷூ பெட்டிக்கு ஒன்றுதான் கணக்கு. அக்காவுக்காயிற்றே என்று நான் இரண்டு ஒட்டினேன். பாலிதீன் உறை, அதற்கு மேல் பெட்டி, சுற்றிலும் டேப். அந்த வருஷம் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது.

ஒரு மாசத்தில் மூக்கு வரவில்லை, ஒரு வருஷத்திலும் வரவில்லை. அக்கா லேஸ் கோர்த்துக்கொண்டே இருந்தார். இனி கட்டுப்பாடு இல்லையே, பூ வையுங்கள் என்று ஒரு நாள் நான் மல்லி வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என் தலையிலேயே வைத்துவிட்டார். வாடை வந்துவிட்டதா என்று தினமும் கேட்டுக் கேட்டு, அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நான் கேட்பதையே விட்டுவிட்டேன். பெட்டி அவர் வீட்டு பீரோவில், மாதா படத்துக்குக் கீழ்த் தட்டில் இருந்தது. வாடை தெரியாமல் திறந்தால் இருக்கிறது வீணாகிவிடும் என்று அவர் அதைத் தொடவே இல்லை.

போன வருஷம் தை மாதம், ஒரு காலையில் கம்பெனி பஸ் தோல் ஷெட்டுகள் இருக்கிற வளைவைத் தாண்டியது. அந்த இடம் வந்தால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துவோம், பேச்சு கூட நின்றுவிடும். அப்போது அக்கா சீட்டில் இருந்து எழுந்து நின்றுவிட்டார். "நாத்தம் அடிக்குதுடி! மாரி, நாத்தம் அடிக்குது!" என்று கத்தினார். ஜன்னலை முழுசாகத் திறந்து தலையை வெளியே நீட்டி, நாங்கள் மூக்கைப் பொத்துகிற அந்த வாடையை நெஞ்சு நிறைய இழுத்தார். டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அவரும் அப்படித்தான்.

நானாக இருந்தால் அன்றைக்கே ஓடிப் போய்ப் பெட்டியைக் கிழித்திருப்பேன். அக்கா அப்படிச் செய்யவில்லை. பாதி மூக்கோடு திறக்க மாட்டேன் என்றார். முதலில் எல்லாம் தாறுமாறாக வந்தது. காப்பி கருகிய ரப்பர் போல இருந்ததாம், வெங்காயம் சாக்கடை போல. தினமும் எலுமிச்சை, சீரகம், கொத்தமல்லி என்று வரிசையாக வைத்துக் கண்ணை மூடி மோந்து, எது சரி, எது இன்னும் இடது பக்கம் என்று எனக்குச் சொல்வார். ஆவணியில் காப்பி சரியானது. புரட்டாசியில் மல்லி. கடைசியாக ஒரு பேரிக்காயை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார். கல்லறைத் திருநாள் அன்று காலையில், மகளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகும் முன்னால் திறக்கலாம் என்று முடிவு செய்தார். என்னையும் கூப்பிட்டார், பேக் பண்ணியவள் நான்தானே.

நவம்பர் இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்குப் போனேன். அக்கா குளித்து, சோப்பு வாசனை கூட இல்லாமல், வெறும் தண்ணீரில் குளித்து, உட்கார்ந்திருந்தார். அண்ணன் கதவோரம் நின்றார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார் அக்கா. டேப்பை நானே வெட்டினேன். பாலிதீனைப் பிரித்தேன், பேப்பரை விலக்கினேன். இளநீலம் கொஞ்சமும் மங்காமல், ஒரு புள்ளி பூஞ்சை இல்லாமல் இருந்தது. அக்கா இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்தார்.

கண்ணைத் திறக்கவே இல்லை. இன்னொரு இழுப்பு. அவர் இரண்டாவது தடவை மோந்து நான் பார்த்ததே கிடையாது.

"மாரி, இதுக்குள்ள இன்னா போட்ட?"

"எப்பவும் போடுறதுதான்க்கா. சிலிகா, ஸ்டிக்கர்..."

"புது ஷூ வாசனை வருது" என்றார்.

நான் பிடுங்கி மோந்தேன். கடுகை அரைத்த மாதிரி ஒரு காட்டம், அதன் பின்னால் பாலிதீன். எங்கள் பேக்கிங் ரூமின் வாடை. பதினாலு வருஷமாக என் கையில், என் முடியில், என் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிற அதே வாடை. அந்த ஸ்டிக்கர் மருந்து பூஞ்சையைக் கொல்லச் செய்தது, கூட இருக்கிற எந்த வாடையையும் விடாமல் தின்றுவிடும். அதை இரண்டாக ஒட்டி மூன்றரை வருஷம் பூட்டி வைத்தால் சௌமியா எங்கே இருப்பாள்? எனக்கு இது தெரியாதா? தெரியும். ஷூவுக்கு என்றால் தெரியும். அன்றைக்கு என் புத்தியில் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். துப்பட்டாவை மடித்தார். தன் இடது பக்கம் வைத்தார். பிறகு எழுந்து, "வா, வெயில் ஏறிடும்" என்று மெழுகுவத்திகளை எடுத்துக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு நான் வேலூருக்குப் போய், சௌமியா வேலை செய்த அதே கடையில், அதே சென்ட்டைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தேன். முட்டாள்தனம்தான், ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. என் மணிக்கட்டில் அடித்து அக்காவிடம் நீட்டினேன். "பேரிக்காய் இருக்குது. பூ வரும்" என்றார். சாயங்காலம் வரை என்னை வீட்டிலேயே உட்கார வைத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி என் கையைப் பிடித்து மோந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. "நல்லாதான் இருக்குது. ஆனா இது நீ, மாரி" என்றார்.

ஆக, அந்தக் கடைசி அடுக்கைக் கடைசியாக மோந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். அதுவும் சாப்பாட்டு மணிக்கும் லைனுக்கும் நடுவில், ஒரு இழுப்பு.

இப்போது தினமும் காலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்கிறார். "அன்னிக்கு மோந்தியே, எப்படி இருந்துச்சு, சொல்லு." வாயாடி என்று பேர் வாங்கிய எனக்கு முதல் நாள் "நல்லா இருந்துச்சுக்கா" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக யோசித்து எடுத்தேன். தேங்காயெண்ணெய் இருந்தது. பஸ் கம்பியைப் பிடித்த கையின் இரும்பு வாடை ஒரு ஓரத்தில் இருந்தது. வெயிலில் நடந்து வந்த கழுத்தின் வியர்வை, புளிப்பில்லாமல், குழந்தைகளுக்கு இருக்குமே அப்படி. நான் சொல்லும்போது அக்கா கண்ணை மூடிக்கொள்வார். மூக்கு லேசாக விரியும். சொல்லி முடித்ததும் "பாஸ்" என்பார்.

பொங்கலோடு என்னிடம் இருந்த உண்மை தீர்ந்துவிட்டது. ஒரு இழுப்பில் எவ்வளவுதான் இருக்கும்? ஆனால் அவர் கேட்பது தீரவில்லை. அதனால் நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். லேசாக ஏலக்காய் இருந்தது என்றேன், அவள் டீயில் போட்டுக் குடிப்பாளே. புது நோட்டுப் புத்தகத்தின் வாசனை என்றேன். தினம் ஒன்று ஜோடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன வாரம் என்ன சொல்வது என்று ஒன்றும் தோன்றாமல், "துப்பட்டா ஓரத்துல மல்லி வாசனை இருந்துச்சுக்கா, அன்னிக்குக் காலைல வெச்ச பூ" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அம்மா வைக்க முடியாததை நான் மட்டும் வைப்பேனா என்று கேட்டவள், வேலைக்குப் போகிற நாளில் ஒரு மொட்டு கூட வைக்காதவள்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் நான் சொன்னதெல்லாம் இப்படித்தானா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷம், குறையுள்ள ஒரு பீஸைக் கூடத் தெரிந்தே விட்டவர் இல்லை அவர். என்னைத் தூக்கி இடது பக்கம் வைக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

பஸ் தோல் ஷெட்டு வளைவைத் தாண்டியது. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். அக்கா மறுபடி கண்ணை மூடி, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"பாஸ்" என்றார்.